இதை யார் கேட்பார்கள்?

நிர்வாக இயல் என்ற பெயர் காதில் விழுந்ததும் நம் வட்டத்தில் ஓர் இளக்காரம் தோன்றுவது வழக்கம். அது முதலாளியின் சாஸ்திரம், இலக்கியத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது பொதுவான அபிப்பிராயம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. ஸ்தாபன மனோதத்துவம் என்ற அந்தத் துறைக்குள் எண்களை அதிகம் நம்பாத ஒரு சிறுபான்மை உண்டு. தொழிலாளியிடம் படிவத்தை நீட்டி, உன் திருப்தி ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு என்று வட்டமிடச் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசவிட்டுக் கேட்கிறவர்கள். பண்புசார் ஆய்வு என்று இதற்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கிடக்கட்டும். இன்னொருவன் வாயிலிருந்து வந்த சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர்களுடைய பிரச்னை. கதை எழுதுகிறவனுடைய பிரச்னையும் அதுவேதான்.

இதன் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. சிகாகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை ஆராய்ச்சி நடந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்கத் தொடங்கி, கடைசியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளைப் பேட்டி காண்பதில் போய் முடிந்தது. முதலில் தயாரித்த கேள்விகளைக் கேட்டார்கள். தொழிலாளிகள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ பேசினார்கள். அந்த ‘வேறு எதையோ’தான் விஷயம் என்பது மெல்லப் புரிந்து, கேள்விகளை ஒதுக்கிவிட்டுப் பேசவிட்டார்கள். பிறகு பதினாலு பேர் வேலை செய்த ஓர் அறையில் ஒருவரை உட்காரவைத்து மாதக்கணக்கில் வேடிக்கை பார்க்கச் சொன்னார்கள். அளவுக்கு மேல் உழைத்தவனின் தோளில் சகாக்கள் ஒரு குத்து விடுவதையும், அதை அவன் வாங்கிக்கொள்வதையும் அவர் குறித்துவைத்தார். எந்தப் படிவத்தில் இந்தக் குத்து பதிவாகும்?

நம் தேசத்தில் நடந்ததும் ஒன்று உண்டு. 1953-ல் அகமதாபாத் காலிகோ மில்லுக்கு லண்டன் டாவிஸ்டாக் நிலையத்திலிருந்து ஏ.கே. ரைஸ் வந்தார். புதிதாக வந்த 224 தானியங்கித் தறிகளை 29 பேர் பன்னிரண்டு வகை வேலையாகப் பிரித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உற்பத்தி ஏறவில்லை. யார் யாரோடு சேர்ந்து நிற்கிறார்கள், யாருக்கு யார் பதில் சொல்லவேண்டும் என்று அவர் பார்த்தார். யாரும் யாரோடும் சேர்ந்திருக்கவில்லை. ஒரு சிறு குழு, அதன் பொறுப்பில் சில தறிகள் என்ற யோசனையைச் சொன்னதும் தொழிலாளிகளே கூடிப்பேசித் தாங்களாகவே குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். 1970-ல் அதே நிலையத்தின் எரிக் மில்லர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஒரு கூடத்தில் அந்த முறை ஏறத்தாழ அப்படியே இருந்தது; மற்றவற்றில் மங்கிப்போயிருந்தது. பதினாறு பதினேழு வருஷம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்க்கும் இந்தப் பொறுமை நம் விமர்சகர்களுக்கு இருந்தால் தேவலை.

இதெல்லாம் எனக்குப் புத்தகப் படிப்பாகவே நின்றிருக்கும், சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆய்வு மாணவி என்னைத் தேடி வராதிருந்தால். நான் இருப்பது பழங்காநத்தத்தில். ஒரு பக்கம் பழைய ஊர், ஒரு பக்கம் டி.வி.எஸ். நகர். 1911-ல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயரைச் சுமக்கிற குடியிருப்பு அது. 1972-ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்த பிறகும் இந்தப் பக்கத்துப் பேச்சிலிருந்து பஸ் போகவில்லை. மாட்டுத்தாவணி வருமுன் தெற்கே போகிற வெளியூர் பஸ்கள் இங்கிருந்தே புறப்பட்டன. டிரைவர், கண்டக்டர், ஃபிட்டர், பாடி கட்டுகிறவர், சீட் தைக்கிறவர் என்று தெருவுக்கு நாலு பேர். மேற்சொன்ன எதையும் சேராத ஒரு தனியார் பட்டறையின் ஆட்களிடம் அந்தப் பெண் பேட்டி எடுத்திருந்தாள். ஒலிப்பதிவைக் கேட்டு வார்த்தை பிசகாமல் எழுதித் தருவது என் வேலை. மணிக்கு இவ்வளவு என்று கூலி.

ஒரு ஃபிட்டரின் பேச்சு நாற்பது நிமிஷம். கேள்வி, புதிய நிர்வாகம் கொண்டுவந்த மாற்றங்களைப் பற்றியது. அவர் பேசியது ஜன்னலைப் பற்றி. பத்தொன்பது வருஷமாக அவருடைய மேஜை வாசல் பக்கத்து ஜன்னலடியில் இருந்தது. இடத்தை ஒழுங்குபடுத்தியபோது பின்மூலைக்கு மாற்றிவிட்டார்கள். “முன்னெல்லாம் வண்டி கேட்டுல திரும்பும்போதே தெரிஞ்சிரும்மா. கிளட்ச் பிளேட்டா, ஜாயிண்டான்னு சத்தமே சொல்லிரும். டிரைவர் எறங்கி வர்றதுக்குள்ள நான் ஸ்பானர எடுத்திருப்பேன். இப்ப மூலையில கெடக்கேன். சீட்டு வருது. சீட்டுல எழுதியிருக்கிறதச் செய்யிறேன். சடவா இருக்கு.”

அந்தப் பெண் இதை வகைப்படுத்தினாள். ஆய்வில் அப்படித்தான் செய்யவேண்டும். பேச்சைத் துண்டுதுண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டி, ஒரே பெயர் கொண்டவற்றைச் சேர்த்துவைக்கவேண்டும். ஜன்னலுக்கு அவள் சூட்டிய பெயர் ‘மாற்றத்துக்கு எதிர்ப்பு’. சடவு என்பது ‘சோர்வு’ ஆயிற்று. சடவு என்று எங்கள் பக்கத்தில் சொல்வதில் உடம்பும் உண்டு, மனசும் உண்டு. யார்மேல் என்று சுட்டிச் சொல்லாத ஒரு வருத்தமும் உண்டு. அதைக்கூட விட்டுவிடலாம். ‘எதிர்ப்பு’ என்ற சொல்லை விடமுடியவில்லை. அவர் எதையும் எதிர்க்கவில்லை. காதில் இருந்த ஒரு வித்தை மேஜையோடு சேர்ந்து பறிபோனதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அறிக்கையின் பிரதி நிர்வாகத்துக்குப் போகும் என்பது ஏற்பாடு. ‘எதிர்ப்பு’ என்று தலைப்பிட்ட பக்கத்தில் பெயர் மறைத்து அச்சாகிற ஒரு ஃபிட்டரை, பட்டறையில் ஜன்னலை இழந்தவர் ஒருவரே என்கிறபோது, கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இந்தச் சொல்லுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1948-ல் கோக், ஃபிரெஞ்ச் என்ற இருவர் வர்ஜீனியாவில் ஒரு பைஜாமா ஆலையில் செய்த ஆய்வைப் பிரசுரித்தார்கள். அதற்குப் பின்தான் இந்தத் தொடர் பரவியது. அவர்கள் கண்டதோ, மாற்றத்தைத் திட்டமிடுவதில் தொழிலாளிகளையும் சேர்த்துக்கொண்ட இடத்தில் வேலை சீக்கிரமே பழைய நிலைக்கு வந்து அதைத் தாண்டியும் போயிற்று என்பது. கண்டது மறந்துபோய், பெயர் மட்டும் மிஞ்சித் தொழிலாளியின் குணமாக ஒட்டிக்கொண்டது.

நான் இதைச் சொன்னபோது அவள் தந்த பதில் சாமான்யமானதல்ல. “சார், நீங்க இவரை வச்சு ஒரு கதை எழுதுவீங்க. ஜன்னல் ஒரு குறியீடாகிடும். அவரு மனித குலத்தோட தனிமை ஆகிடுவாரு. நான் அவரு பேசினதை முழுசாப் பின்னிணைப்புல வைக்கிறேன். நீங்க அதுகூடச் செய்ய மாட்டீங்களே.” நம் கதைகள் பலவற்றில் தொழிலாளி ஒரு கருத்தின் வாகனமாக வந்துபோகிறான் என்பதை யார் மறுக்கமுடியும்? விதிவிலக்குகள் குறைவு. ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் வேலை பார்த்த அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ ஒன்று. தொடக்கத்தில் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து ஓடுகிற புரொடக்‌ஷன் மானேஜர் பிறகு காணாமல் போகிறான். அவனுக்கு என்ன ஆயிற்று என்பது பிறர் வாய்ச் செய்தியாக வருகிறது. ஸ்தாபனம் ஒரு மனிதனை எப்படி மறக்கிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. அங்கே யாருக்கும் வகைப்பெயர் சூட்டப்படவில்லை, யாரும் குறியீடாகவும் ஆக்கப்படவில்லை.

ஆய்வுகளில் மதிக்கத் தக்கதும் இருக்கிறது. ஈ.ஏ. ராமஸ்வாமி கோவை ஆலைத் தொழிலாளர் சங்கத்தை அருகிலிருந்து பார்த்து எழுதிய நூல் 1977-ல் வந்தது. அதில் உள்ளவர்கள் தமிழில் பேசியவர்கள், நூல் ஆங்கிலத்தில். பேசியவன் தன் பேச்சு என்னவாயிற்று என்று படித்துப் பார்க்கமுடியாது என்ற நிலை இந்தத் துறைக்கு இங்கே பிறவியிலேயே வந்தது.

அந்தப் பெண் கடைசியில் தலைப்பை மாற்றினாள். ‘காதால் அறிதல்’ என்று வைத்தாள். ஜன்னலை அறிக்கையின் நிர்வாகப் பிரதியிலிருந்து நீக்கவும் செய்தாள். அப்படி நீக்கியதில் அந்த ஃபிட்டர் தப்பித்தார். அவர் சொன்னது போகவேண்டிய இடத்துக்குப் போகாமலும் நின்றது. இரண்டில் எது பெரிது என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒலிப்பதிவின் முதல் நிமிஷத்தில், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிற சத்தத்துக்கும் முதல் கேள்விக்கும் நடுவில், அவர் கேட்கிறார்: “இத யாரும்மா கேப்பாங்க?” பதிவில் பதில் இல்லை. ஒரு பஸ் திரும்பும் சத்தம் மட்டும் இருக்கிறது. அவருக்கு அது எந்தக் கோளாறு என்று தெரிந்திருக்கும்.