தில்லிப் பேராசிரியர்களும் கிராமத்து ஆசிரியர்களும்

1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் ஜில்லாவில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஆரம்பமான விஞ்ஞான போதனைத் திட்டத்தில், நமது தில்லி சர்வகலாசாலையின் விஞ்ஞானிகளும் விரைவில் இணைந்து, கிராமத்து ஆசிரியர்களோடு சேர்ந்து பரிசோதனைகளைச் செய்து பார்த்துப் பாடங்களை உருவாக்கினார்கள் என்னும் சரித்திரத்தை நினைக்குந்தோறும் என் மனம் நிறைகிறது.

அத்திட்டத்தில் மாணவர்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பரீட்சை எழுதினார்கள். சந்தேகங்களைச் 'சவாலிராம்' என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதமாக அனுப்பினார்கள். ஆசிரியர்களோ மாதந்தோறும் கூடி, வகுப்பில் எழுந்த சிக்கல்களைக் கூச்சமின்றி எடுத்துரைத்தார்கள்.

1978இல் ஜில்லா முழுவதும் பரவிய இம்முயற்சியை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது பெருந்துயரமே. ஆயினும், ஆசிரியரை உத்தரவுக்குக் கீழ்ப்படிபவராக அன்றிச் சக ஆராய்ச்சியாளராக மதிக்கும் சர்வகலாசாலையே பள்ளியை உயர்த்த வல்லது. தில்லியின் அரசுப் பள்ளிகளுக்கும் அந்தத் தோழமை இன்று அத்தியாவசியம்.