காருக்குள் ஒரு குளம்

எங்கள் வீட்டுக் கார் 1998ஆம் ஆண்டில் பிறந்தது. அக்கா தங்கை எங்கள் இருவருக்கும் மூத்தது. சென்ற ஐப்பசி மழையில் ஞாயிறு பூசைக்குப் புறப்பட்டபோது முன்இருக்கையின் காலடியில் தண்ணீர் தளும்பியது. தம்பிதான் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தான் என்று தீர்ப்புச் சொன்னோம். அவன் அழுதான், நாங்கள் நம்பவில்லை.

அடுத்த மழையிலும் குளம் நிரம்பியது. முன்கண்ணாடியைக் கழற்றி ரப்பர் மாற்ற 6,000 ரூபாய் ஆகும் என்றார் மெக்கானிக். அப்பா வாய் திறக்கவில்லை. காரை விற்றுவிட்டால் நடக்க முடியாத பாட்டி கோயிலுக்கு எப்படிப் போவார்?

"முதலில் தண்ணீர் எங்கே நுழைகிறதென்று பாருங்கள்" என்றார் அம்மா. காரை உலர்த்தி, உள்ளே செய்தித்தாள் விரித்து, தம்பியை டார்ச்சுடன் உட்கார வைத்தோம். ரப்பர் குழாயால் கீழிருந்து மேலாக, இடத்துக்கு ஐந்து நிமிடம் நீர் விட்டோம். (மேலிருந்து தொடங்கினால் எங்கும் வழிந்து குழப்பிவிடும்.) கதவில் ஒன்றுமில்லை. வைப்பருக்குக் கீழுள்ள சல்லடைக்கு வந்ததும், "வருதக்கா, வருது!" என்று அலறினான்.

அங்கே மழைநீர் வெளியேறும் துவாரத்தை எங்கள் வேம்பின் சருகு அடைத்திருந்தது. தேங்கிய நீர், காற்று வரும் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. அப்பா கம்பியால் மெல்லக் குடைய, கை நிறையக் கருஞ்சேறு வந்தது. பிறகு கண்ணாடி ரப்பரையும் நனைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டும் இல்லை! நாற்றம் போக்க வாங்கிய சமையல் சோடாதான் மொத்தச் செலவு.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டோம். ஒரு மாதம் முன்இருக்கை தனக்கே என்றான். கொடுத்துவிட்டோம்.