87-இல் ஒரு பங்கு தனுஷ்கோடி



குருமனையின் பின்னறையில் இரவு பத்து மணிக்கு மேலும் விளக்கு எரிகிறதே என்று உங்களில் சிலர் என் மனைவியிடம் விசாரித்திருக்கிறீர்கள். ஐயர் பிரசங்கம் ஆயத்தம் செய்கிறார் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அது பாதி உண்மை. மறுபாதியை இந்த வாரம் அறிக்கையிடுகிறேன். எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒரு பிளைவுட் பலகையின்மேல், கடந்த மூன்று ஆண்டுகளாக, நான் ஒரு ரயில் நிலையம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஊழியக்காரனுக்கு இந்த விளையாட்டு தகுமா என்று கேட்பீர்களானால், எனக்கு முன்னே இருவர் இருக்கிறார்கள் என்பதே என் எதிர்வாதம். இங்கிலாந்தில் வில்பர்ட் ஆட்ரி என்னும் குரு, தட்டம்மை கண்டு படுத்திருந்த தம் மகனுக்குச் சொன்ன ரயில் இயந்திரக் கதைகள் 1945-இல் முதல் புத்தகமாக வந்தன. உங்கள் பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்க்கும் நீல நிறத் தாமஸ் அவருடைய கற்பனையே. அவரும் மாதிரி ரயில் பாதைகள் அமைத்துக் கண்காட்சிகளுக்குக் கொண்டுசென்றவர். இன்னொருவர் பீட்டர் டென்னி. இவரும் குருவே. 1940-களில் பக்கிங்ஹாம் என்ற நிலையத்தைக் கட்டத் தொடங்கி, பல பத்தாண்டுகள் அதையே இடித்தும் திருத்தியும் வளர்த்தார். அவருடைய பலகையின்மேல் எப்போதும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளே நடந்துகொண்டிருந்தன. மகன் கிரிஸ்பின் உடனிருந்து வண்டிகளை இயக்குவான். அவன் இல்லாத நாட்களுக்கென்று அந்த வேலையைச் செய்ய ஓர் இயந்திரத்தை உருவாக்கி, அதற்கும் மகனுடைய பெயரையே வைத்தார் தகப்பனார். இந்தச் செய்தியை முதன்முறை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகள் விடுதிக்குப் படிக்கப் போன பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை.

நான் கட்டுவது தனுஷ்கோடி நிலையம். இறையியல் மாணவனாக இருந்த நாட்களில் அங்கே போய், இடிந்த ஆலயச் சுவருக்கும் இடிந்த நிலையச் சுவருக்கும் நடுவே நின்ற அந்த ஒரு மாலைப்பொழுது என்னை விடவில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து வந்த போட் மெயில் பயணிகள் அங்கே இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653-ஆம் எண் பயணிகள் வண்டியைக் கடல் கொண்டுபோயிற்று. அதில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர். சேதமடைந்த பாலத்தை ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீர்செய்துவிட்டார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாதையோ மறுபடி போடப்படவில்லை.

இந்தப் பொழுதுபோக்கில் முதலில் தீர்மானிக்க வேண்டியது அளவு. உலகெங்கும் அதிகமாய்ப் புழங்கும் எச்ஓ அளவில் எல்லாப் பொருளும் 87-இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஒரு கிலோமீட்டர் ஏறத்தாழ பதினொன்றரை மீட்டராகும். தனுஷ்கோடிப் பாதை மீட்டர் பாதை. அதன் ஆயிரம் மில்லிமீட்டர் அகலம் இந்த அளவில் பதினொன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களுக்காகச் செய்யப்படும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்கு நெருங்கிய உறவு. வெளிநாட்டிலுள்ள நண்பர் ஒருவர் பழைய தண்டவாளங்களையும், ஓடும் நிலையிலிருந்த ஒரு சுவிஸ் இயந்திரத்தையும் அனுப்பித் தந்தார். அதன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் தகட்டில் வேறு சட்டை தைத்தேன். பெட்டிகள் அட்டையில் செய்தவை.

அளவெடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசரிப்புக்கூடாரத்தின் பலகைகளையும் பாதங்களையும் கொக்கிகளையும் முழம் முழமாய் எண்ணிச் சொல்லும் யாத்திராகமத்தின் அதிகாரங்களை நான் பல ஆண்டுகள் கண்ணை ஓட்டிக் கடந்தவன். இப்போது அவற்றை ஒரு தச்சனுடைய மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல வாசிக்கிறேன்.

இனிச் சொல்லப்போவதை, சம்பந்தப்பட்டவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

நம் சபையில் எழுபதைத் தொட்ட ஒரு மூப்பர் உண்டு. ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தோளில் சுத்தியலோடு தினந்தோறும் தண்டவாளத்தில் நடந்து, தளர்ந்த சாவிகளை அடித்து இறுக்கியவர். தனுஷ்கோடியில் பிறந்தவர். ஒன்பது வயதில், அரையாண்டு விடுமுறைக்குப் பரமக்குடியிலிருந்த அத்தை வீட்டுக்கு அவரை அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்துப் புயல் வந்தது. தாயும் அண்ணனும் கிடைக்கவில்லை. கல்லறை இல்லை. இந்தச் சேகரத்துக்கு நான் வந்த முதல் ஆண்டிலேயே இவ்வளவும் எனக்குத் தெரியும், இவ்வளவுதான் தெரியும். ஒவ்வொரு டிசம்பரிலும் அவர் வீட்டுக்குப் போய், கையைப் பிடித்து, ஆறுதலான வார்த்தைகள் சொல்லி ஜெபித்துவிட்டு வருவேன். அவர் மரியாதையாய்க் கேட்டுக்கொள்வார். பிறகு காப்பி வரும். என் வார்த்தைகள் அவரிடம் எந்தக் கதவையும் தட்டவில்லை என்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது. ஆனாலும் அடுத்த டிசம்பரிலும் அதே வார்த்தைகளோடு போனேன்.

சென்ற ஆண்டு ஆலயக் கணக்கு நோட்டைக் கொடுக்க வந்தவர், திறந்திருந்த பின்னறைக் கதவு வழியே பலகையைப் பார்த்துவிட்டார். நான் பதறினேன். அவருடைய துக்கத்தை எடுத்து விளையாடுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். அவர் ஒன்றும் சொல்லாமல் அருகே வந்து, குனிந்து, ஒரு தண்டவாள இணைப்பை நகத்தால் தடவினார்.

“இந்த இடத்துல வண்டி தடம் புரளுமே ஐயா?”

ஆம். சரியாக அந்த இடத்தில்தான் ஒரு மாதமாகப் புரண்டுகொண்டிருந்தது. முடியளவு மேடு. கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தெரிந்தது. அரத்தால் இழைத்துச் சரிசெய்தோம். அதற்குப் பிறகு இரண்டடி விலகி நின்று முழுவதையும் பார்த்தார்.

“தண்டவாளம் இம்புட்டுத் தெளிவாத் தெரியாதுங்கய்யா. மணலு மூடிக் கிடக்கும். ஆளுக அள்ளிக்கிட்டே இருப்பாக.”

நான் அழகாகச் சல்லி பரப்பியிருந்தேன். சலித்த கல்தூளைத் தூரிகையால் ஒதுக்கி, ஃபெவிகாலையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டுச் சேர்த்து, சொட்டுக்குழாயால் ஊற்றி நிலைநிறுத்திய வேலை. சோப்பு இல்லையென்றால் பசைநீர் தூளுக்குள் இறங்காமல் முத்து முத்தாய் உருண்டுவிடும். மூன்று வார உழைப்பு. அன்றிரவே ஈரத்துணி போட்டு ஊறவைத்துச் சுரண்டினேன். அடுத்த வாரம் அவர் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். தனுஷ்கோடி மணல்.

இங்கே ஒரு சங்கடம். அளவைச் சுருக்கினாலும் மணல் சுருங்காது. ஒரு மில்லிமீட்டர்ப் பரல் என் உலகில் முழங்கை மூட்டளவு பாறையாகிவிடும். நிஜமான தனுஷ்கோடி மணலைத் தூவிப் பார்த்தோம், கற்குவியலாய்த் தெரிந்தது. சுவருக்குப் பூசும் பட்டியில் காவி கலந்தபோதுதான் அது மணலாய்த் தோன்றியது. பெரியவர் அதை ஒத்துக்கொண்டார், ஆனால் பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வேட்டித் துணியில் மூன்று முறை சலித்தேன். அரைக் கரண்டி மாவு மிஞ்சியது. அதை ஒரு மாத்திரைச் சீசாவில் போட்டு வைத்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் வந்தார். நான் கேட்டதெல்லாம் அற்பமான கேள்விகள். கதவு என்ன நிறம்? விளக்குக் கம்பத்துக்கும் மேடை விளிம்புக்கும் எத்தனை எட்டு? மீன் கூடைகளை எங்கே அடுக்குவார்கள்? உள்ளம் எப்படியிருக்கிறது என்று ஆண்டுக்கொருமுறை கேட்டபோது ஒன்றும் சொல்லாதவர், கூடையின் பின்னலைப் பற்றிக் கேட்டபோது அரைமணி நேரம் பேசினார். கூடையிலிருந்து அம்மாவுக்கு வந்தார். அவர் கருவாடு உலர்த்திய கூரைக்கு வந்தார். அந்நேரங்களில் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. இடுக்கியும் தூரிகையும் கையிலிருந்தது நல்லதாயிற்று.

ஒரு மாதிரி நிலையத்துக்கு ஒரு நாள் வேண்டும். எந்த ஆண்டு, எந்த மாதம், காலையா மாலையா என்று தீர்மானித்தால்தான் நிழலும் உடையும் வண்டியும் ஒத்துவரும். எந்த நாளை வைக்கலாம் அண்ணே என்று கேட்டேன். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: “நான் பரமக்குடி போன நாளு.”

அவருடைய அண்ணன் மேடையில் காப்பி விற்றவர். அவர்தான் தம்பியை வண்டியேற்றிவிட்டவர். ஆகவே அண்ணனைச் செய்யத் தொடங்கினேன். இந்த அளவில் ஒரு மனிதனின் உயரம் சுமார் 19 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் உருவங்கள் ஜெர்மானியருடையவை; தொப்பியைச் செதுக்கி எடுத்துவிட்டு, மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்து வேட்டி கட்டவேண்டும். காப்பி டிரம்முக்குப் பேனா ரீஃபிலின் துண்டு ஐந்து மில்லிமீட்டர் போதும். தோளில் துண்டு. வலது கை உயர்ந்து விடைகொடுக்கும்படி வைத்தேன். என் கைவேலையில் இதுவே சிறந்தது என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

பெரியவர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். டிரம் சரி, துண்டு சரி என்றார். பிறகு, எனக்கு வருத்தம் வரக்கூடாது என்ற தயக்கத்தோடு, “கையாட்டலைங்கய்யா” என்றார். “அந்தப் பக்கம் திரும்பி, சில்லறை எண்ணிக்கிட்டு இருந்தாக. நான் ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டே வந்தேன். திரும்பவே இல்ல.”

அறுபது ஆண்டுகளாக அவர் வைத்திருந்தது அந்த முதுகைத்தான். அதன்மேல் நான் ஒரு விடைகொடுக்கும் கையை ஒட்டிவைத்திருந்தேன். அடக்க ஆராதனைகளில் எத்தனை பேருடைய முதுகுகளுக்கு இப்படி நான் கைகள் ஒட்டியிருப்பேனோ!

அன்றிரவு அந்தக் கையைத் தோள்பட்டையில் வெட்டினேன். புதிய கைகள் இரண்டையும் செம்புக் கம்பி இழையில் செய்து, மார்புக்கு முன்னே குவித்தேன். உள்ளங்கையில் காசுகள் வேண்டும் அல்லவா? அவை அரை மில்லிமீட்டர்கூட வராது. ஊசிமுனையால் வெள்ளி வண்ணம் மூன்று புள்ளி வைத்தேன். எவருக்கும் தெரியாது. உருவத்தை இரண்டாம் விளக்குக் கம்பத்தினருகே, வண்டிக்கு முதுகு காட்டி நிறுத்தி, காலடியில் மாத்திரைச் சீசாவிலிருந்த மணலைத் தூவினேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் பார்த்தார். உட்கார முக்காலி கேட்டார். வண்டியை ஓட்டிக் காட்டட்டுமா என்றேன். “இன்னைக்கு வேணாங்கய்யா. நிக்கட்டும்” என்றார். நின்றது. அவர் அங்கிருந்த ஒரு மணி நேரமும் பின்னறையில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் ஜெபிக்கலாமா என்று கேட்கவில்லை. எழுந்து போகும்போது அவரே, “இன்னும் கூடைக்கு வண்ணம் அடிக்கலையே?” என்று நினைவூட்டினார்.

கூடைகளுக்கு வண்ணம் அடித்தாயிற்று. கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை மாலை, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைக் குருமனைக்கு அழைத்து வாருங்கள். அன்று வண்டி ஓடலாம் என்று பெரியவரே சொல்லிவிட்டார். இயக்குவதும் அவர்தான். பிள்ளைகள் பலகையின் விளிம்பில் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் விளக்குக் கம்பத்தினருகே நிற்பவரை மட்டும் யாரும் தொட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டாம். அவர் காலடிப் பசை இன்னும் சரியாகக் காயவில்லை.