ட்ரூ காப்பி

முன்பெல்லாம் ஜெராக்ஸுக்குத் தனியாக மதிப்பு கிடையாது. கெஜட்டட் ஆபீஸர் பச்சை இங்க்கில் 'ட்ரூ காப்பி' என்று கையெழுத்துப் போட்டால்தான் அது சர்டிபிகேட். இல்லாவிட்டால் பஜ்ஜி மடிக்கிற பேப்பர். குளோனிங் என்றாலே எனக்கு அந்தப் பச்சை இங்க்தான் ஞாபகம் வருகிறது. குளோனும் ஜெராக்ஸ்தானே? அதை யார் அட்டெஸ்ட் பண்ணுவது?

(பி.காம். படித்தவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. வருகிறேன்.)

1996 ஜூலை 5. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தில் கறுப்பு முக ஆடு ஒன்றுக்கு வெள்ளை முகக் குட்டி பிறந்தது. நம் ஊர் மாமியார்கள் பார்த்திருந்தால் பஞ்சாயத்தே வைத்திருப்பார்கள்! நடந்தது இதுதான்: ஆறு வயது வெள்ளை ஆட்டின் மடியிலிருந்து ஒரு செல் எடுத்தார்கள். இன்னொரு ஆட்டின் கருமுட்டையிலிருந்து உட்கருவை உறிஞ்சி எறிந்துவிட்டு, அதனோடு இந்த செல்லை லேசாக மின்சாரம் கொடுத்து இணைத்தார்கள். கருவைச் சுமந்தது மூன்றாவது ஆடு. அப்பா பெயர்? அந்தக் கட்டம் காலி.

அந்தக் குட்டிதான் டாலி. 277 தடவை இணைத்துப் பார்த்ததில் தேறியது ஒன்றே ஒன்று. ஆடிட்டர் யாராவது பார்த்தால் மயங்கி விழுவார்.

இதில் என்ன அதிசயம்? உடம்பின் அநேகமாக ஒவ்வொரு செல்லிலும் மொத்த ஆபீஸின் ஃபைல்களும் இருக்கின்றன. ஆனால் மடியில் உள்ள செல், மடி செக்‌ஷன் ஃபைலை மட்டும்தான் திறக்கும். மற்ற பீரோவெல்லாம் பூட்டு. பாலூட்டிகளில் அந்தப் பூட்டு நிரந்தரம் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். கருமுட்டை அத்தனையையும் திறந்து காட்டிவிட்டது! மறு வருஷமே, 1997-ல், மனித ஜீன் ஒன்றைச் சேர்த்து 'பாலி' என்ற ஆட்டையும் பிறக்க வைத்தார்கள். ஹீமோபிலியா நோயாளிகளுக்குத் தேவையான, ரத்தத்தை உறைய வைக்கும் புரோட்டீன் அதன் பாலிலேயே கிடைக்கட்டும் என்று.

இப்போது காரணம். என் ஆபீஸ் நண்பர் ஒருவரின் நாய் செத்துப்போனது. பதினோரு வருஷம் கூடவே இருந்த நாய். அமெரிக்கக் கம்பெனி ஒன்று 50,000 டாலருக்கு நாயைக் குளோன் செய்து தருகிறது என்று எங்கோ படித்துவிட்டு, பி.எஃப். லோன் கணக்கெல்லாம் ஒரு பேப்பரில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"அச்சு அசலா அதே நாய் கிடைக்குமா சார்?"

சிரிக்கத் தோன்றவில்லை. தேடிப் படித்துவிட்டு ஒரு பூனைக் கதை சொன்னேன். 2001 டிசம்பரில் டெக்ஸஸில் 'ரெயின்போ' என்ற பூனையைக் குளோன் செய்தார்கள். ரெயின்போவின் உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள் உண்டு. குட்டிக்கு மருந்துக்குக்கூட ஆரஞ்சு இல்லை! ஜீன் என்னவோ அதேதான். ஆனால் பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைந்து கிடக்கும். குளோனுக்கு எடுத்த செல்லில் அணைந்திருந்தது, ஆரஞ்சு இருந்த எக்ஸ்.

நாய்க்கணக்கு இன்னும் மோசம். 2005-ல் தென் கொரியாவில் முதல் குளோன் நாய்க்காக 1,095 கருக்களை 123 பெண் நாய்களுக்குள் வைத்தார்கள். பிறந்தது இரண்டு, பிழைத்தது ஒன்று.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர் மெதுவாக ஒன்று கேட்டார்: "கலரை விடுங்க சார். தெருமுனையில என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடி வருமா?"

"ஸ்கூட்டர் சத்தம் ஜீன்ல கிடையாது சார். அது பதினோரு வருஷமா நீங்க சொல்லிக் கொடுத்தது."

பேப்பரை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அப்ப அது வேற நாய்" என்றார்.

சரி, டாலியால் ஒன்றும் பிரயோஜனம் இல்லையா? உண்டு. பீரோவைத் திறக்க முடியும் என்று தெரிந்துவிட்டதே! ஜப்பானின் ஷின்யா யமனகா 2006-ல் கருமுட்டையே இல்லாமல், நாலே நாலு ஜீன்களைச் செலுத்தி, எலியின் தோல் செல்லை ஸ்டெம் செல் மாதிரி ஆக்கினார். எந்த செக்‌ஷனுக்கும் இன்னும் போஸ்டிங் ஆகாத புது குமாஸ்தா மாதிரி செல் அது. எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். 2012-ல் அவருக்கு நோபல் பரிசு.

2014-ல் அதே ஜப்பானில், எழுபது வயதைத் தாண்டிய பெண்மணி ஒருவரின் தோல் செல்லிலிருந்து விழித்திரைக்கான படலத்தை வளர்த்து, அவர் கண்ணிலேயே வைத்தார்கள். பார்வை கூடவில்லை. மேற்கொண்டு குறைவது நின்றது.

சொந்த செல், சொந்தக் கண். பச்சை இங்க்கே வேண்டாம் சார்... செல்ஃப் அட்டெஸ்டேஷன்!