எழும்பூரில் ஒரு பகல்

பங்குக் குடும்பமொன்றுடன் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் சென்றிருந்தேன். 1851-இல் தோன்றிய அப்பெரும் நிலையத்தை ஒரே பகலில் முழுதும் காட்டிவிட வேண்டுமென்பது, ஒருநாள் கூலியை இழந்து வந்த தந்தையின் அவா. எனக்கோ திருவாலங்காட்டு நடராசர் செப்புத்திருமேனியைக் காட்டும் ஆசை. அமராவதிச் சிற்பங்களைக் கடந்து விரைந்தோம். ஐந்து வயது மகளோ திமிங்கில எலும்புக்கூட்டின்முன் நின்றவள் நகரவில்லை.

"சாமி, இதுக்கு மூக்கு எங்கே?"

தலையின் உச்சியில் என்றேன். அது மீனன்று, நம்மைப்போல் நுரையீரலால் மூச்சுவிடுவது, குட்டிக்குப் பாலூட்டுவது என்றும் விளக்கினேன். கேள்விகள் பெருகின.

"இன்னும் எவ்வளவோ இருக்கே சாமி, மறுபடி எப்போ வரப்போறோம்?" என்று தந்தை வருந்தினார். அவர் கேட்டது நியாயமே. ஆயினும் சிறுமியை இழுத்துச்செல்ல மனம் வரவில்லை. நடராசரைக் காணாமலே திரும்பினோம். பேருந்தில் அவள் திமிங்கிலம் மூச்சுவிடும் விதத்தைத் தம்பிக்குச் செய்துகாட்டினாள்; தந்தையும் சிரித்துவிட்டார்.

செல்ல விரும்புவோர் வெள்ளிக்கிழமையைத் தவிர்க்க, அன்று விடுமுறை.