தில்லிப் பனியும் தெளிந்த பார்வையும்

தமிழகத்தில் மார்கழி என்றதும் கோலமும் பூசணிப்பூவும் பஜனைக் கோஷ்டியும் நினைவிற்கு வரும். தில்லியில் குடியேறிய நமக்கோ, மார்கழி என்றால் மூடுபனியே கண்முன் நிற்கிறது. கண்முன் நிற்பது அது ஒன்றுதான். அதற்கப்பால் உள்ள யாதும் தெரிவதில்லை! டிசம்பர் பிற்பகுதி தொட்டு ஜனவரி முடிய, காற்றசையாத இரவுகளில் நிலம் குளிர்ந்து, அதனைத் தொட்ட ஈரக்காற்று பனியாகத் தரைமீது படிகிறது. பார்வை 200 மீட்டருக்குள் அடங்கினால் அடர்பனி என்றும், 50 மீட்டருக்குள் அடங்கினால் மிக அடர்பனி என்றும் வானிலைத் துறையினர் வகுத்திருக்கின்றனர்.

இத்தகைய காலைப்பொழுதில், தமிழ்ச் சங்கமும் மலைமந்திரும் அமைந்த ராமகிருஷ்ணபுரத்தினின்றும் கரோல்பாக் வரை மோட்டார் சைக்கிளில் செல்வது ஓர் அனுபவமே. தௌலா குவானைக் கடந்ததும் சாலை ரிட்ஜ் காட்டிற்குள் நுழைகிறது. ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி இது. இருமருங்கிலும் அடர்ந்திருக்கும் 'விலாயதி கீகர்' வேறொன்றுமன்று. நமது இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலமே! ஊர்விட்டு ஊர் வந்தும் அது நம்மை விடவில்லை. ஆனால் பனிக்காலத்தில் அந்தப் பழைய உறவினரைக்கூட அருகே சென்றாலன்றி அடையாளம் காண இயலாது.

இரயில்வேயில் பணிபுரியும் எனக்கு இவ்விடத்தில் ஓர் ஒப்புமை தோன்றும். மூடுபனியில் சிக்னல் தெரியாதென்பதற்காக, அதற்குக் குறைந்தது 270 மீட்டர் முன்னதாகவே தண்டவாளத்தின்மேல் டெட்டனேட்டர் என்னும் வெடிகளை வைப்பதுண்டு. சக்கரம் ஏறியதும் வெடித்து, ஓட்டுநரின் செவிக்கு எச்சரிக்கை தரும். இருசக்கர வாகனம் செலுத்துவோருக்கு அவ்வாறு யார் வெடி வைப்பார்? அவருக்குத் துணை இரண்டு கண்களே. அவற்றையும் மறைக்கும் ஹெல்மெட்டை வாங்கிவிட்டால் என் செய்வது?

எங்கள் குடியிருப்பில் அன்பர் ஒருவர் இருக்கிறார். கண்ணாடியின் பவர் மைனஸ் 3. அக்கண்ணாடியின்றி ஏறக்குறைய ஓரடிக்கு அப்பால் உள்ளவை யாவும் அவருக்கு மங்கலே. ஹெல்மெட் அணிந்தால் கண்ணாடிக் காம்பு பொட்டில் அழுத்துகிறதென்று, அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓட்டுவது அவர் வழக்கம். சென்ற ஜனவரியில் ரிட்ஜ் சாலையில், விளக்கின்றி நின்ற சரக்கு வண்டியொன்றை மிக நெருங்கிய பின்னரே கண்டார். தடையை அழுத்தவும் வண்டி சரிந்தது. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. பின்னிருக்கையில் இருந்த பத்து வயது மகள், தன் தலைக்குப் பொருந்திய ஹெல்மெட் அணிந்திருந்தமையால் சிராய்ப்புகளோடு தப்பினாள். போலீஸாருக்காக வாங்கியது தந்தையின் ஹெல்மெட். தலைக்காக வாங்கியது மகளின் ஹெல்மெட். வேற்றுமை அவ்வளவே.

கரோல்பாக்கின் நைவாலா பகுதியில் மோட்டார் சைக்கிள் சாமான் கடைகள் வரிசையாக உள்ளன. கடைக்காரர் கேட்கும் முதற்கேள்வி, "எந்த நிறம், பாயி சாஹிப்?" என்பதே. நாமோ அளவிலிருந்து தொடங்க வேண்டும். புருவத்திற்கு ஓரங்குலம் மேலே, தலையின் பின்புறம் துருத்திய பகுதியைச் சுற்றி நாடா பிடித்து, சென்டிமீட்டர்க் கணக்கைக் குறித்துச் செல்லுதல் நலம். அணிந்து பார்க்கையில் கன்னத்தைச் சற்றே இறுக்க வேண்டும். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் குத்தக்கூடாது. பட்டையை மாட்டியபின் பின்புறமிருந்து மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வருமாயின் அது உங்களுடையதன்று. பத்து நிமிடமேனும் அணிந்தபடி நிற்பதில் வெட்கம் வேண்டாம்.

மூக்குக்கண்ணாடி அணிவோர் அதை உடன் கொண்டு சென்று, ஹெல்மெட்டினுள் செலுத்திப் பார்த்தே வாங்க வேண்டும். சிலவற்றில் கன்னத் திண்டுகளுக்கிடையே காம்பு நுழைய இடம் விட்டிருப்பர். வளையாத மெல்லிய காம்புடைய கண்ணாடியே எளிதில் நுழையும். வெயிலில் தானே கறுக்கும் கண்ணாடியை நம்பிவிட வேண்டாம்; பாலிகார்பனேட் முகக்கண்ணாடி புற ஊதாக்கதிரைத் தடுத்துவிடுவதால், அதன் பின்னால் அது சரிவரக் கறுப்பதில்லை. கறுத்த முகக்கண்ணாடி பகலுக்கு மட்டுமே உரியது. இரவிற்கென விற்கும் மஞ்சள் கண்ணாடியும் உள்ள வெளிச்சத்தைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது.

குளிரில் நமது மூச்சின் ஈரம் முகக்கண்ணாடியின் உட்புறம் நீர்த்துளியாய்ப் படிவதே பெருந்தொல்லை. மூச்சைக் கீழ்நோக்கித் திருப்பும் மூக்குமறைப்பு, தாடைப்பகுதிக் காற்றுத்துளை, உட்புறம் பொருத்தும் இரண்டாவது தகடு ஆகியவை இதற்கு மருந்து. மே மாதத்துப் புழுதியோ வேறுவகைப் பகை. உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும்; அக்கீறல்கள் இரவில் எதிர்விளக்கின் ஒளியைச் சிதறடித்துக் கண்ணைப் பறிக்கும். முதலில் நீரூற்றிப் புழுதியை அகற்றி, மிதமான சோப்புநீரில் கழுவுக. பெட்ரோல், தின்னர் ஆகாது. கீறல் மிகுந்தால் முகக்கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பலத்த அடிபட்ட ஹெல்மெட்டையோ முழுதும் மாற்றவேண்டும். உள்ளிருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு ஒருமுறை நசுங்கினால் மீண்டும் காக்காது.

2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையற்ற ஹெல்மெட்டை விற்பது சட்டவிரோதம். நான்கு வயதிற்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டுமென்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு. ஆதலின் குடும்பத்தலைவர் தமக்கு மட்டும் நல்லதாக வாங்கிக்கொண்டு, இல்லாளுக்கும் மக்களுக்கும் நடைபாதையில் கிடைத்ததை வாங்கித் தருதல் முறையன்று. திங்களன்று கரோல்பாக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். வேறொரு நாளில், பனிக்காலம் பிறக்குமுன்னரே, வீட்டிலுள்ள அனைவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரவர் தலைக்கு அவரவரே அணிந்து பார்க்கட்டும்.