கடலுக்கடியில் ஒரு விமானம், அப்பத்தாவின் தம்பி, கொஞ்சம் காமர்ஸ்

போன மாதம் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை. படிக்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்துவிட்டு, வழக்கம்போல் நெட்டில் வேறு எதையோ மேய்ந்துகொண்டிருந்தேன் :) அப்படித்தான் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி கண்ணில் பட்டது.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அந்த ஏரியில் இரண்டு பயணிகள் கப்பல்களை விமானந்தாங்கிகளாக மாற்றி, அதில் இறங்கி ஏறப் பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். புதுப் பைலட்டுகள்தானே... நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஏரிக்குள் போய்விட்டன. பிறகு அவற்றில் பலவற்றை வெளியே எடுத்தார்கள். 1942 மிட்வே சண்டையில் பறந்த ஒரு டான்ட்லெஸ் விமானம் 1943ல் இந்த ஏரியில் விழுந்து, 1994ல் மேலே வந்து, இப்போது பென்சகோலா மியூசியத்தில் நிற்கிறது.

ஐம்பது வருஷம் தண்ணீருக்குள் கிடந்தது எப்படித் தாங்கியது? நல்ல தண்ணீர், அதுவும் ஐஸ் மாதிரிக் குளிர்ந்த தண்ணீர். நம்ம ஊர்க் கதை வேறு. பாக் நீரிணையில் உப்பும் வெயிலும் சேர்ந்து எதையும் விட்டுவைக்காது. விமானத்தின் அலுமினியமும் இரும்பு போல்ட்டும் உப்புத் தண்ணீரில் ஒன்றாகக் கிடந்தால் அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். வெளியே எடுத்தாலும் வேலை முடியாது. உலோகத்துக்குள் ஏறிய உப்பை மாதக்கணக்கில் ஊறவைத்து வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் கரையில் வைத்தே பொடியாகும்.

என் காமர்ஸ் புத்தி உடனே கணக்குப் போட்டது. கிரேன், படகு, முக்குளிப்பவர்கள் கூலி ஒரு பக்கம். பேரீச்சம்பழக்காரர்கூட வாங்காத ஸ்கிராப் இன்னொரு பக்கம். அன்றைய பாடமே சன்க் காஸ்ட்தான். போன காசு போனதுதான், அதை நினைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்கிற பாடம். போதாக்குறைக்கு, மீன் தங்குவதற்கென்று நாமே செலவு செய்து கடலில் சிமெண்ட் பாறைகளைப் போடுகிறோம். இது ஓசியில் கிடைத்த பாறை! அப்படியே கிடக்கட்டும் என்று முடிவு கட்டினேன்.

அந்த முடிவு அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. நமக்கு எதிர்க்கரையில் நடந்த ஒன்றைப் படித்தேன்.

1998 செப்டம்பர் 29. யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து கொழும்புப் பக்கம் ரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானம், 55 பேரோடு கடலில் விழுந்தது. பயணிகளில் பெரும்பாலோர் தமிழர்கள். புலிகள் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தினார்கள் என்பது இலங்கை அரசின் குற்றச்சாட்டு. போர் முடிந்த பிறகு, 2012ல், இரணைதீவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் அதன் பாகங்களை இலங்கைக் கடற்படை கண்டுபிடித்தது. 2013ல் மேலே எடுத்தார்கள். 2014 ஜனவரியில், கிடைத்த துணிமணிகளை யாழ்ப்பாணத்தில் பரப்பி வைத்து, உறவினர்களை வந்து அடையாளம் பார்க்கச் சொன்னார்கள்.

பதினைந்து வருஷத்துக்குப் பிறகு துணியைப் பார்த்து அடையாளம் சொல்வது! நினைத்தாலே என்னவோ செய்தது.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது இதை அப்பத்தாவிடம் சொன்னேன். அவருடைய தம்பி, 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடி பாசஞ்சரில் ஏறியவர். அந்த ரயில் புயலில் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நூறு பேருக்கு மேல் போனார்கள். இவர் உடல் கிடைக்கவில்லை. வீட்டில் அவர் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அப்பத்தா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பார்த்தவுகளுக்கு அடையாளம் தெரிஞ்சுச்சாமா?" என்று கேட்டார்.

"சில பேருக்குத் தெரிஞ்சுச்சாம் அப்பத்தா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கீரையைப் பார்த்துக்கொண்டே, "அவன் அன்னைக்கி ஊதாக்கோடு போட்ட சட்டைடா. நான்தான் பித்தான் தச்சுக் குடுத்தேன்" என்றார்.

அறுபது வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்படாத சட்டை அது. அப்பாவுக்கே தெரியாது.

அன்றைக்குப் புரிந்தது, நான் போட்ட கணக்கில் ஒரு பத்தியே விட்டுப்போயிருந்தது. சன்க் காஸ்ட் என்றால் போனது திரும்பாது என்று அர்த்தம். ஆனால் காத்திருக்கிறவர்களின் செலவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எந்த லெட்ஜரில் எழுதுவது?

அதற்காக எல்லாவற்றையும் தூக்கு என்று சொல்லவில்லை. மட்டக்களப்புக்கு அருகே 1942ல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் போர்க்கப்பலோடு முந்நூறு பேருக்கு மேல் போனார்கள். எப்படிப் போனார்கள், எங்கே கிடக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். அது அவர்கள் கல்லறை, அப்படியே இருக்கட்டும். நூறு வருஷத்துக்கு மேல் தண்ணீருக்குள் கிடப்பவற்றை, முடிந்தவரை முதலில் இருக்கும் இடத்திலேயே பாதுகாக்கப் பாருங்கள் என்றுதான் யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கையும் சொல்கிறது. தாம்பரத்திலிருந்து 2016 ஜூலையில் 29 பேரோடு போர்ட் பிளேருக்குக் கிளம்பிக் காணாமல் போன ஏஎன்-32 இன்னொரு வகை. 2024ல் சென்னையிலிருந்து 310 கிலோமீட்டர் தூரத்தில், 3400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்கள் கிடப்பதைத் தானியங்கி நீர்மூழ்கி படம் எடுத்தது. அந்த ஆழத்திலிருந்து தூக்குவது பெரும்பாடு. ஆனால் "இங்கேதான்" என்று ஒரு இடத்தைக் காட்ட முடிந்ததே, அதுவே அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

ஆக, என் கட்சி இதுதான். மியூசியத்தில் நிறுத்துவதற்காக என்றால் பட்ஜெட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. யாராவது ஒரு அப்பத்தா இன்னும் சட்டையின் நிறத்தை ஞாபகம் வைத்திருந்தால், பட்ஜெட்டை அப்புறம் பாருங்கள். முதலில் தேடுங்கள்.

உங்கள் கட்சி என்ன? சண்டை போட வாருங்கள் :)

பி.கு: காஸ்ட் அக்கவுண்டிங்கில் பாஸ். சன்க் காஸ்ட் கேள்வி வந்தது. புத்தகத்தில் இருப்பதை மட்டும்தான் எழுதினேன்.